சைக்கிளில் காஞ்சிபுரம்: வாசகர் கேள்வி – பதில்

காஞ்சிபுரத்துப் பல்லவர் கோயில்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "இந்த ஊரைச் சைக்கிளில் சுற்றிப் பார்ப்பதே சுகம்" என்று போகிறபோக்கில் ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பல்லவர்களைப் பற்றி ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தாம் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நானும் என் நண்பரும் ஐம்பது வயதை எட்டியவர்கள். தினமும் காலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம். ஒரு சனி, ஞாயிறில் காஞ்சிபுரம் போய்வர ஆசை. எந்த வழியாகப் போவது? ஒரே நாளில் திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

ஒரே நாளில் திரும்ப முடியும். ஆனால் அப்படிப் போனால் காஞ்சிபுரத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தினமும் ஓட்டிப் பழகியவர்கள் இடையிடையே இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டு போனால் நான்கரை அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பத்து மணி வாக்கில் ஊருக்குள் நுழைவீர்கள். பன்னிரண்டு மணியை ஒட்டிக் கோயில்களின் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். வியர்த்து விறுவிறுத்து வந்த கையோடு, மிச்சமிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு கோயில்களைச் சுற்றிவிடத் துடிப்பதுதான் முதன்முறை போகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. நானும் அதைச் செய்தவன்தான். நான்காவது கோயிலில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவன், கோயிலைப் பூட்ட வந்தவர் எழுப்பிய பிறகே கண்விழித்தேன்.

எனவே முதல் நாள் ஊருக்குள் வந்ததும் அறை எடுத்துக் குளித்து, சாப்பிட்டு, மூன்று மணி வரை நன்றாகத் தூங்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் பெரிய கோயில்களையும், மறுநாள் காலை பல்லவர் கோயில்களையும் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

வழியைப் பொறுத்தவரை, பூவிருந்தவல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். அது அகலமானதுதான், ஆனால் கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் அதில் இரவு பகல் பார்ப்பதில்லை. மேம்பாலங்களின் அடியிலும் இணைப்புச் சாலைகள் வந்து சேரும் இடங்களிலும், இடப்பக்கமாகப் போகும் சைக்கிள்காரரை யாரும் கவனிப்பதில்லை. உங்களுக்கு ஏற்றது வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகச் செல்லும் சாலை. ஒரகடத்திலும் தொழிற்பேட்டை நெரிசல் உண்டு என்பதால், ஏழு மணிக்கு முன்பே அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். புறப்படும்போது இருட்டாக இருக்குமாதலால் பின்பக்கம் சிவப்பு விளக்கு அவசியம். மட்கார்டில் உள்ள ரிஃப்ளெக்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதன்மேல் படிந்திருக்கும் சேற்றை நாம் யாரும் துடைப்பதில்லை.

என்னிடம் இருப்பது கியர் இல்லாத பழைய சைக்கிள். இதற்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பாலாற்றை ஒட்டிய சமவெளி. கியர் இருந்தாலும் அதை மாற்ற உங்களுக்கு வேலை இராது. பழைய சைக்கிளில் பார்க்க வேண்டியவை மூன்று. பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். மடங்கியே இருந்தால் இருபதாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

பஞ்சர் சாமான்களும் ஒரு மாற்று டியூபும் கைப்பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. வாலாஜாபாத்துக்கு முன்னால் சாலையோர மர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அரைக் கிலோமீட்டர் போவதற்குள் பின்சக்கரம் இறங்கிவிட்டது. டியூபை மாற்றிப் புறப்பட்டால் மறுபடியும் அதே கதை. கடைசியில் தள்ளிக்கொண்டே போய் ஒரு சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் டியூபைத் தொடவே இல்லை. டயரைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சை எடுத்து அதன் உட்புறம் முழுவதும் மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கி இழுபட்டது. அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் சீமைக் கருவேல முள்ளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்த பகுதி எப்போதோ ஒடிந்து விழுந்திருக்கிறது. "முள்ளை எடுக்காம டியூபை மாத்தினா முள்ளுக்குத்தான் சார் லாபம்" என்றார். எந்த மரத்தின் நிழல் என்று பார்த்து சைக்கிளை நிறுத்துங்கள். பஞ்சையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு செலவாகும்? மாணவர்கள் நாங்கள் நால்வர். கையில் அதிகப் பணம் இல்லை.
– ஒரு மாணவர், அரக்கோணம்

அரக்கோணத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பதால், நீங்கள் அதிகாலையில் புறப்பட்டு ஒரே நாளில்கூடத் திரும்பிவிடலாம். அப்போது அறைக்கான செலவே இல்லை. இரவு தங்குவதானால் அறை ஒன்றுதான் பெரிய செலவு. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள எளிய லாட்ஜுகளில் நால்வர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு 1,000 ரூபாய் வைத்துக்கொண்டால் சாப்பாடு உட்பட இரண்டு நாட்களைச் சிக்கனமாக ஓட்டலாம். அறை எடுக்கும் முன் சைக்கிள்களை உள்ளே வைக்க இடம் தருவார்களா என்று கேளுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் எந்த லாட்ஜிலும் இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும். கைலாசநாதர் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருந்தாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரிய கோயில்களிலும் பொதுத் தரிசனம் இலவசமே.

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்கு மட்டும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் (கூடையில்) ஊற்றி நெடுநேரம் வேகவைப்பார்கள். வெந்த பிறகு அது இட்லி என்பதைவிடக் கட்டையாகத் திரண்ட ஒரு பொருள். வில்லைகளாக வெட்டித்தான் சாப்பிட வேண்டும். ஊருக்குள் உணவகங்களிலும் அதே பெயரில் கிடைக்கிறது. இலையின் மணம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணமில்லாதவர்களுக்கு இவ்வூரில் ஒரு முன்னோடி உண்டு. காடவர்கோன் என்ற பல்லவ மன்னன் காஞ்சியில் பெரும் பொருள் செலவிட்டுக் கற்கோயில் எடுத்தபோது, கையில் காசில்லாத பூசலார் என்ற நாயனார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார் என்றும், இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்கு எழுந்தருள வேண்டியிருப்பதால் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள் என்றார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்த மன்னன் இராசசிம்மன் என்றும், கோயில் கைலாசநாதர் என்றும் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

காஞ்சியில் நூற்றுக்கணக்கான கோயில்கள் இருக்கின்றனவே, ஒன்றரை நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? எந்த வரிசையில் பார்த்தால் சைக்கிளில் சுற்றலைச்சல் குறையும்?
– ஒரு வாசகி, வேலூர்

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வரிசை தானாக வந்துவிடும். மேற்கிலும் வடக்கிலும் பெரிய காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், உலகளந்த பெருமாள், கச்சபேசுவரர் ஆகிய கோயில்கள் அங்கே ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தென்கிழக்கில் சின்ன காஞ்சிபுரம். அங்கே வரதராஜப் பெருமாள். வேகவதி ஆற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம். அது சமணர்களின் ஊர், அதனால் ஜினகாஞ்சி என்றும் பெயர். இவற்றுக்கு இடையே நடப்பது அதிகம், பேருந்துக்குக் காத்திருப்பது வீண், ஆட்டோவில் போனால் ஒவ்வொரு தடவையும் பேரம். சைக்கிளுக்கென்றே அளவெடுத்துக் கட்டிய ஊர் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் நாள் மாலை ஏகாம்பரநாதர் கோயிலில் தொடங்குங்கள். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எடுப்பித்த இராசகோபுரம் 190 அடிக்கு மேல் உயரம். மாலை வெயில் மேற்கிலிருந்து விழும் நேரத்தில், தெருவில் சற்றுத் தள்ளிச் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள். அங்கிருந்து காமாட்சி அம்மன், உலகளந்த பெருமாள். இருட்டிய பின் காந்தி சாலை வழியாகச் சின்ன காஞ்சிபுரம். அந்தச் சாலையில் பட்டுக்கடைகளின் முன்னால் வரிசை கட்டி நிற்கும் கார்களின் கதவுகள் திடீரென்று திறக்கும் என்பதால் ஒரு கதவு அளவு இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். வரதராஜர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலிகளைப் பார்க்காமல் வராதீர்கள். அருகே இருக்கும் அனந்தசரஸ் குளத்திலிருந்துதான் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அத்திமரத்தால் ஆன பெருமாளாகிய அத்திவரதரை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். கடைசியாக 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாட்கள் அவர் காட்சி தந்தபோது இந்தச் சாலைகளில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இல்லை.

மறுநாள் காலையைக் கைலாசநாதருக்கு முழுமையாகக் கொடுங்கள். மேற்கே பிள்ளையார்பாளையம் வழியாகப் போகும்போது சற்று மெதுவாகச் செல்லுங்கள். அது நெசவாளர் தெருக்கள் நிறைந்த பகுதி. அதிகாலையில் சில தெருக்களில் தறிக்கான நீளவாட்டுப் பட்டு இழைகளை (பாவு) நெடுக நீட்டிக் கட்டிச் சீர்செய்துகொண்டிருப்பார்கள். அதைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. ஹேண்டில்பாரில் ஓர் இழை மாட்டினால் போதும், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு சிக்கலாகிவிடும்.

கைலாசநாதர் கோயில் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் என்பதால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளின் மழையும் வெயிலும் சிற்பங்களின் மூக்கையும் விரலையும் கரைத்திருக்கின்றன. திருச்சுற்று மதிலை ஒட்டி உட்புறமாக 58 சிறு கோயில்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதர் குனிந்து உட்காரும் அளவுதான் இருக்கும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்கள். சிலவற்றின் உட்சுவரில் பழைய ஓவியத்தின் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஒரு முகத்தின் பாதி, ஒரு மணிமுடியின் விளிம்பு, ஆடையின் செம்மண் நிறம். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் நிற்காதவர்கள் வெறும் சுவர் என்று திரும்பிவிடுகிறார்கள். முன்மண்டபத் தூண் ஒன்றில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்று உள்ளே வந்த அவன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே விட்டுச் சென்றான் என்கிறது அது. முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு இக்கோயிலைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி, அதாவது பெரிய கற்கோயில், என்று குறிப்பிடுகிறது.

நடை சாத்துவதற்குள் நேரம் இருந்தால் வைகுண்டப் பெருமாள் கோயில். சிம்மத் தூண்கள் வரிசையாக நிற்கும் திருச்சுற்றின் சுவர் முழுவதும் பல்லவ வரலாறு சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரச வாரிசு இல்லாமல்போனபோது தேடிக் கொண்டுவரப்பட்டு, 12 வயதில் முடிசூட்டப்பட்ட நந்திவர்ம பல்லவமல்லனின் கதையும் அதில் உண்டு. இது தேய்ந்த சிற்பம். வெயில் சாய்வாக விழும்போதுதான் உருவங்கள் எழுந்து நிற்கும்.

விடுவதற்கு என்று கேட்டால், மற்றவை அனைத்தையும் விடலாம். ஆனால் இரண்டாம் முறை வருகிறவர்கள் திருப்பருத்திக்குன்றத்தை விடக் கூடாது. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387–88-இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையில் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்களின் கதை வண்ணத்தில் இருக்கிறது. கழுத்து வலிக்கும், துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்க அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போகலாமா? சைக்கிளை எங்கே விடுவது?
– ஒரு வாசகர், திருவள்ளூர்

கூடாது. வேட்டி ஒன்றைச் சுருட்டிக் கேரியரில் வைத்தால் இடமே பிடிக்காது. வழியில் துவட்டிக்கொள்ளவும் போர்த்திக்கொள்ளவும் அதுவே உதவும். சைக்கிளைச் செருப்பு வைக்கும் கடையின் அருகே, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பூட்டி வையுங்கள். கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்தால் அதைவிட நல்ல காவல் இல்லை.

கோயிலுக்குப் போவதென்றால் பேருந்தில் போய்விட்டு வரலாமே! வெயிலில் இந்தச் சைக்கிள் சாகசம் எதற்கு?
– ஒரு வாசகர், சைதாப்பேட்டை

தாராளமாகப் பேருந்திலேயே போங்கள். சாகசம் என்று நான் எழுதவில்லை. நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் எனக்கும் பெருமை ஒன்றும் இல்லை. ஊருக்குள் சுற்றுவதற்குத்தான் சைக்கிள் வேண்டும் என்கிறேன். மடக்கும் சைக்கிள் இருந்தால் காஞ்சிபுரம் வழியாகத் திருமால்பூர் செல்லும் புறநகர் ரயிலில் அதை எடுத்துச் செல்வது எளிது. மடக்காத சைக்கிளானால் நிலையத்தில் முதல் நாளே விசாரித்து, அதற்குரிய சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கிடைத்த காலம் போய்விட்டது.

எந்த மாதம் நல்லது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

மார்கழியின் பின்பாதியிலிருந்து மாசி முடிய. மழை ஓய்ந்திருக்கும், காலை குளிர்ச்சியாக இருக்கும், அந்தப் பருவத்தின் வடகிழக்குக் காற்று, சென்னைப் பக்கத்திலிருந்து போகிறவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று மார்பில் கைவைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். தையிலும் மாசியிலும் முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரங்களில் பட்டு எடுக்க வருகிறவர்களால் ஊர் நிரம்பி, லாட்ஜுகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிடும். மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை. மாறாக மாலை அணிந்த பக்தர்களின் பேருந்துகள் பெரிய கோயில்களை நிறைக்கும். கைலாசநாதரில் அப்போதும் கிளிகளின் சத்தம்தான் கேட்கும். வைகாசி மாதத்து வரதராஜர் கருடசேவைக்குப் போகிறவர்கள் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

போன வழியிலேயே திரும்ப அலுப்பாக இருக்குமே. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், பல்லாவரம்

உண்டு, சற்றுச் சுற்று என்றாலும் எனக்குப் பிடித்த வழி இதுதான். வாலாஜாபாத்தில் படப்பைச் சாலைக்குத் திரும்பாமல், செங்கல்பட்டுச் சாலையிலேயே நேராக வாருங்கள். பழையசீவரத்தில் சிறு குன்றின்மேல் லட்சுமி நரசிம்மர் கோயில். அதன் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல். பாலத்தைக் கடந்து அங்கே போய், வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரைப் பாருங்கள். வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், அதன் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் (மருத்துவமனையும்) நடந்தன என்று அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, ஆண்டுதோறும் என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சியின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்த கண்களுக்கு, இந்தச் சிறிய கோயில் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இந்த வழியில் திரும்பும் நாளில் காஞ்சியில் கோயில் பார்க்க நிற்காமல், அங்கே பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். மரத்தடியில் உட்கார்ந்து, காஞ்சியில் வாங்கிய இட்லி வில்லையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், நண்பகல் வெயிலுக்குள் பாலூர் வழியாகச் செங்கல்பட்டை அடையலாம். அதற்குப் பிறகு பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போட வேண்டாம். மின்சார ரயில் இருக்கிறது.